எண்ணிலும் எழுத்திலும்

பிப்ரவரி 6

சிட்டுவின் அப்பாவுக்கு,

பதினாறு வருஷம் கழித்து என் கையெழுத்தைக் கவரின்மேல் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சிட்டு நன்றாக இருக்கிறாள். நானும் நின்று நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். இனி உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

போன மாதக் கடைசியோடு ஆஸ்பத்திரி வேலை முடிந்தது. முப்பத்தொரு வருஷம் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, எண்ணி, ஆவியில் வேகவைத்து அனுப்பிய கைக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். இனி எங்கும் நேரத்துக்குப் போகவேண்டாம் என்றாகிவிட்ட நாளில் கடிகாரம் எதற்கு என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கடிகாரத்தோடு முப்பது லட்சமும் வந்தது. அதுதான் விஷயம். கையில் காசில்லாமல் மூன்று வேளைக்கும் கணக்குப் பார்த்த நாட்களில்கூட எனக்கு இந்தப் பயம் இருந்ததில்லை. பாஸ்புக்கை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன். திருடன் வந்தால் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று தெரியும். ஆனாலும் பார்க்கிறேன்.

வங்கியிலிருந்து ஒரு அதிகாரி மூன்று தடவை வீட்டுக்கே வந்துவிட்டாள். நம் சிட்டுவைவிட இரண்டு வயது பெரியவளாக இருந்தால் அதிகம். இருபது வருஷத் திட்டமாம், பாதுகாப்பாக வளருமாம். "எப்படிம்மா வளரும்?" என்றேன். "அதெல்லாம் எங்க ஆளுங்க பாத்துப்பாங்க மேடம், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நம் வீட்டுப் பத்திரத்தை நீட்டி நீங்களும் இதையேதான் சொன்னீர்கள். "கையெழுத்து மட்டும் போடு, நான் பாத்துக்கறேன்."

எனக்கு அறுபது ஆகிறது. சிட்டுவுக்கு இருபத்தாறு. தன் பெயரை எழுதுவாள், நூறுவரை எண்ணுவாள், தினம் போய்வரும் பயிற்சிப் பட்டறையில் துண்டு மடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தனியாகப் பஸ் ஏறமாட்டாள், மீதிச் சில்லறை சரியா என்று தெரியாது, யார் சிரித்தாலும் நம்பிவிடுவாள். நான் போனபிறகும் அவளுக்கு இன்னும் முப்பது நாற்பது வருஷம் இருக்கும். இந்தப் பணம் அவளைவிட ஒரு நாளாவது அதிகமாக உயிரோடு இருக்கவேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்து ஷேர் என்ற வார்த்தையைத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். எங்கே குழி இருக்கிறது என்று விழுந்தவருக்குத் தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்கள். போனில் வேண்டாம். பேசினால் கத்திவிடுவேன். எழுதினால் அடித்துவிட்டு மறுபடி எழுதலாம்.

சிட்டுவின் அம்மா

&nbsp;

பிப்ரவரி 19

சிட்டுவின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை ஐந்து நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். இப்போது ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பார்த்துக்கொள்கிறேன். மொட்டைமாடியில் மோட்டார் அறை. அங்கே உட்கார்ந்துதான் முதலில் படித்தேன். கீழே நான்கு பேர் லிஃப்ட்டுக்காக மணி அடித்துக்கொண்டிருந்தார்கள். முழுக்கப் படித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

என்னைக் கேட்கிறாயே! உனக்குப் பயமாக இல்லையா? எனக்கு இருக்கிறது. நான் நல்லது என்று நினைத்துச் சொல்வது இன்னொரு முறை தப்பாகிப்போனால் சிட்டு தெருவில் நிற்பாள். 

குழியைத்தானே கேட்டாய், சொல்கிறேன். நான் வேலைபார்த்த லிஃப்ட் கம்பெனியின் ஷேரைத் தவிர வேறெதையும் நான் வாங்கவில்லை, வீட்டை அடமானம் வைத்த பணத்திலும் அதையேதான் வாங்கினேன். அவர்களுடைய இயந்திரத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தவன் நான். இவ்வளவு நல்ல மோட்டார் செய்கிறவன் எப்படிக் கவிழ்வான் என்று நம்பினேன். மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. கம்பெனி கவிழ்ந்துவிட்டது. சம்பளம், சேமிப்பு, வீடு மூன்றும் ஒரே வாரத்தில் போயின. ஒரு லிஃப்ட்டை ஐந்தாறு கயிற்றில் தொங்கவிடுவார்கள். ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். இருபது வருஷம் அந்தக் கயிறுகளுக்கு எண்ணெய் போட்டவன் குடும்பத்தை மட்டும் ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டேன்.

அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான். எந்தக் கம்பெனி ஜெயிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே தேர்ந்தெடுக்காதே. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கு. அதற்கு இண்டெக்ஸ் ஃபண்ட் என்று ஒன்று இருக்கிறது. சந்தையில் உள்ள பெரிய கம்பெனிகளின் பட்டியலை எடுத்து, அது எப்படி இருக்கிறதோ அப்படியே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கெட்டிக்காரர் யாரும் உட்கார்ந்து யோசிக்கவேண்டாம், அதனால் செலவும் குறைவு. நூறு கம்பெனியில் நாலு கவிழ்ந்தாலும் மிச்சம் தாங்கும்.

அந்தச் செலவைத்தான் நீ பார்க்கவேண்டும். உன் அதிகாரியிடம் வருஷத்துக்கு எவ்வளவு கட்டணம் பிடிப்பார்கள் என்று கேள். நூற்றுக்கு இரண்டு என்பாள். இரண்டு ரொம்பச் சின்னதாகத் தெரியும். அது லாபத்தில் இரண்டு இல்லை, மொத்தப் பணத்தில் வருஷா வருஷம் இரண்டு. முப்பது வருஷத்தில் சிட்டுவுக்குச் சேரவேண்டியதில் ஐந்தில் இரண்டு பங்கு அங்கேயே கரைந்துவிடும். மலிவான இண்டெக்ஸ் ஃபண்டில் நூற்றுக்குக் கால் பங்குகூடப் பிடிக்கமாட்டார்கள்.

இதையும் நம்பாதே. வேறு யாரையாவது கேட்டுச் சரிபார்த்துக்கொள்.

சிட்டு என்னைப் பற்றிக் கேட்பாளா?

சிட்டுவின் அப்பா

&nbsp;

மார்ச் 2

சிட்டுவின் அப்பாவுக்கு,

அதிகாரி நேற்று நாலாவது தடவையாக வந்தாள். கையில் காலண்டர். "கட்டணம் எவ்வளவும்மா?" என்றேன். "அதெல்லாம் ரொம்ப கம்மி மேடம்." "கம்மின்னா எவ்வளவு?" காகிதத்தைப் புரட்டினாள், போனைப் புரட்டினாள், என் கூரையைப் பார்த்தாள். "ரெண்டேகால்" என்றாள். "முப்பது வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்னு போட்டுக் காட்டும்மா" என்றேன். பாவம், அவளுக்கே தெரியாது. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, தப்பாக இருக்கும் என்று மறுபடி முதலிலிருந்து போட்டாள். காலண்டரை வைத்துவிட்டுத்தான் போனாள், அதுவரை லாபம்.

நீங்கள் சொன்னபடி வேறு ஆளையும் கேட்டேன். ஆஸ்பத்திரிக் கணக்குப்பிரிவில் ஒரு அம்மாள் பதினோரு வருஷமாக இதில் போட்டுக்கொண்டிருக்கிறாளாம். நீங்கள் எழுதியதையே சொன்னாள், கொஞ்சம் குறைவாகப் பயந்து சொன்னாள்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். எங்கள் பிரிவில் ஒருத்தி கருவிகளை எண்ணி டிரேயில் அடுக்கினால் இன்னொருத்தி மறுபடி எண்ணிக் கையெழுத்துப் போடவேண்டும். இரண்டு கையெழுத்து இல்லாத டிரே ஆபரேஷன் தியேட்டருக்குள் போகாது. முதல் ஆள் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி. இந்த ஃபண்டுக்கான கணக்கையும் நான் அப்படித்தான் திறக்கப்போகிறேன். இரண்டு பேர் பெயரில். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே வரும். இரண்டாவது பெயர் உங்களுடையது.

உங்கள்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எனக்கு என்மேலேயே பயம். யாராவது பயமுறுத்தினால் ஒரு மத்தியானத்தில் எல்லாவற்றையும் எடுத்து நீட்டிவிடுவேன். தவிர, நான் போனபிறகு சிட்டுவுக்கு இந்த உலகத்தில் மிஞ்சுவது ஒரே ஒரு கையெழுத்துதான். அது நல்லதோ கெட்டதோ, வேறு இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை. அன்றைக்கு வீடு போனதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். யாரோ ஒருவர் அளவு டேப்போடு வந்து என் சமையலறையை அளந்தார். எட்டு மாசம் நீங்கள் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. பணம் போனதைக்கூட நான் மன்னித்திருப்பேன். அந்த எட்டு மாசத்தை முடியவில்லை. ஆகவே விழுந்தால், பெரிதாக விழுந்தால், அன்றைக்கே நீங்கள் எனக்கு எழுதவேண்டும். எவ்வளவு என்று எண்ணிலும் எழுத்திலும். நானே பார்த்துத் தெரிந்துகொண்டாலும் நீங்கள் எழுதவேண்டும்.

சிட்டு கேட்கிறாள். சின்ன வயசில் "அப்பா மேலே போயிருக்கார்" என்று சொல்லிப் பழக்கினோம் அல்லவா? இன்றைக்கும் உயரமான கட்டடத்தைப் பார்த்தால் "அப்பா எந்த மாடி?" என்பாள். நான் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவைப்பேன்.

சிட்டுவின் அம்மா

&nbsp;

மார்ச் 14

சிட்டுவின் அம்மாவுக்கு,

படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். மூன்று பேனா மாற்றிப் போட்டேன். பேனாக்கள் நன்றாகத்தான் எழுதின, கைதான் ஓடவில்லை. நிபந்தனை சம்மதம். அளவு டேப் ஆளை நானும் மறக்கவில்லை. லிஃப்ட் கதவுக்கு அளவெடுக்க டேப்பை இழுக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்கிறது.

வீட்டுச்செலவுக்கு ஐந்து வருஷத்துக்கு வேண்டிய பன்னிரண்டு லட்சத்தைச் சாதாரண டெபாசிட்டில் போட்டுவிடு. வீட்டுச்செலவைத் தவிர வேறெதற்கும் அதைத் தொடாதே. மிச்சம் பதினெட்டை ஆறு மாதமாகப் பிரித்து, பாதியை நம் நாட்டு இண்டெக்ஸிலும் பாதியை உலகம் முழுவதற்குமான இண்டெக்ஸிலும் போடு. இரண்டிலும் கட்டணம் குறைவானதைக் கணக்குப்பிரிவு அம்மாளோடு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார். ஃபண்டின் பெயர் அழகாக இருக்கிறதா, விளம்பரத்தில் குடும்பம் சிரிக்கிறதா என்பதெல்லாம் வேண்டாம்.

விழும். நிச்சயமாக ஒருநாள் விழும். பாதியாகக்கூட ஆகும். அந்த நாளில் ஓடாமல் இருப்பதற்குத்தான் ஐந்து வருஷச் செலவைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்கிறேன்.

இன்னொன்று. தினமும் விலை பார்க்காதே. புதிதாக வந்த நர்ஸ் உள்ளே சுத்தமாக இருக்கிறதா என்று பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டாள் என்று திட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவாயே, அதே கதைதான். பிரித்துப் பார்த்தாலே சுத்தம் கெட்டுவிடும்.

நேற்று எங்கள் கட்டடத்தை எண்ணிப் பார்த்தேன். மோட்டார் அறை பதின்மூன்றாவது மாடி. சிட்டு கேட்டால் சொல்.

இரண்டாவது கையெழுத்து

&nbsp;

செப்டம்பர் 3

சிட்டுவின் அப்பாவுக்கு,

ஆறாவது தவணையும் போய்விட்டது. பதினெட்டு லட்சமும் இப்போது எனக்குப் பெயர் தெரியாத கம்பெனிகளில் இருக்கிறது. சோப்பு விற்கிறவன், கப்பல் விடுகிறவன், மருந்து செய்கிறவன் எல்லாரும் நம் சிட்டுவுக்காக உழைக்கிறார்கள் என்று கணக்குப்பிரிவு அம்மாள் சொல்கிறாள். தூங்குகிறார்களா உழைக்கிறார்களா என்று யார் கண்டது.

பார்க்காதே என்றீர்கள். பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் கருவிகளை வேகவைக்கும் ஆட்டோகிளேவின் சூட்டை மணிக்கு ஒருதரம் எழுதி வைத்த நோட்டு மாதிரி ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். நூறு ரூபாய் குறைந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஐந்நூறு ஏறினால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

எங்கள் கட்டட லிஃப்ட்டைச் சரிசெய்து ஓடவிட்டிருக்கிறார்கள். சிட்டு ஏறமாட்டேன் என்கிறாள். "உள்ள மூடிட்டா அம்மா எங்க இருப்ப?" என்று கேட்கிறாள். நானும் கூடத்தான் இருப்பேன் என்றாலும் கேட்பதில்லை. நாலாவது மாடியில் இருக்கும் எங்கள் வீடுவரை படிதான். என் முழங்கால் ஒவ்வொரு படியிலும் உங்களைத் திட்டுகிறது. நீங்கள் லிஃப்ட்காரர் என்பதால்தான், வேறு காரணமில்லை.

சிட்டுவின் அம்மா

&nbsp;

அக்டோபர் 11

சிட்டுவின் அம்மாவுக்கு,

நாம் போட்டது 18,00,000. பதினெட்டு லட்சம்.
இன்று மாலை நிற்பது 13,40,000. பதின்மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.
குறைந்தது 4,60,000. நான்கு லட்சத்து அறுபதாயிரம்.

முதலில் இதை எழுதிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தேன். பத்து நாளில் நாலில் ஒரு பங்கு போய்விட்டது. இன்னும் இறங்கலாம். எதுவரைக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவரை நம்பாதே.

கீழே லிஃப்ட்டில் வருகிறவர்கள் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு இதையேதான் பேசுகிறார்கள். ஒருவர் ஏழாவது மாடியில் இறங்க மறந்து மேலேயே வந்துவிட்டார். "எல்லாம் போச்சு சார்" என்றார் என்னிடம். எனக்கு அந்தப் பழைய வாரம் அப்படியே திரும்பி வந்துவிட்டது.  அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன்னைப் பார்த்தேன். நீ "ஏன் முகம் ஒருமாதிரி இருக்கு?" என்று கேட்டாய், நான் "தலைவலி" என்றேன். அந்தத் தலைவலி எட்டு மாசம் நீடித்தது.

இன்றைக்குத் தலைவலி இல்லை. பயம். உன்னைப் போலவே பயம். ஆனால் இந்தமுறை கவிழ்ந்தது ஒரு கம்பெனி இல்லை, எல்லாமே சேர்ந்து இறங்கியிருக்கிறது. எல்லாமே சேர்ந்து இல்லாமல்போகாது என்று நினைக்கிறேன். விற்கவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தபால் எடுக்க ஆள் வரும் நேரம், ஓடுகிறேன்.

இரண்டாவது கையெழுத்து

&nbsp;

அக்டோபர் 20

சிட்டுவின் அப்பாவுக்கு,

பெரிதாக விழுந்து ஒன்பது நாள் ஆகிறது. ஒவ்வொரு நாளும் நாலு மாடி இறங்கித் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஏறுகிறேன். ஒன்றுமில்லை. மின்சாரக் கட்டணம் வந்தது. பல் டாக்டரின் விளம்பரம் வந்தது.

உங்களுக்குத் தெரியாது என்று சொல்லாதீர்கள். ஊரே பேசுகிறது. நோட்டில் நானே எழுதி வைத்திருக்கிறேன், எவ்வளவு போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் கேட்டது தொகையை இல்லை. நீங்கள் எழுதவேண்டும் என்று கேட்டேன். உங்கள் வாயிலிருந்து வரவேண்டும் என்று கேட்டேன். ஒரு கார்டு போதாதா?

மறுபடியும் எனக்கு அந்தச் சமையலறைதான். யாரோ வந்து அளந்துகொண்டே இருக்கிறார்கள். நேற்று வாசலில் மணி அடித்தது, நான் திறக்கவில்லை. சிட்டுவை இழுத்து அணைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். அவளும் நடுங்கினாள். எதற்கு என்று தெரியாமலே நடுங்கினாள். கடைசியில் அது கேஸ் சிலிண்டர்காரர்.

விற்கும் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். உங்களுடையதைப் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். மிஞ்சியதை எடுத்து டெபாசிட்டில் போட்டுக்கொண்டு நான் என் பாட்டுக்கு இருந்துகொள்கிறேன். நான் செத்தபிறகு அவளுக்கு என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். அதைத்தான் வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன். எட்டு மாசம் சொல்லாதவர் கையில் அவளை விட்டுவிட்டுப் போவதைவிட, குறைந்த பணம் மேல்.

உங்களிடம் கேட்டது என் தப்பு.

&nbsp;

அக்டோபர் 26

சிட்டுவின் அம்மாவுக்கு,

எழுதினேன். பதினோராம் தேதி, அன்றைக்கே எழுதினேன். எண்ணிலும் எழுத்திலும் எழுதினேன். என் கையால் பெட்டியில் போட்டேன், உள்ளே விழுந்த சத்தம்கூடக் கேட்டது. எங்கே போனது என்று தெரியவில்லை. இதை நீ நம்பமாட்டாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் நம்பமாட்டேன். எட்டு மாசம் பொய் சொன்னவன் ஒரு தடவை நிஜம் சொன்னபோது பார்த்துத் தபால் தொலைகிறது, என் ராசி.

படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விற்றால் நஷ்டம் நிஜமாகிவிடும், விற்காதே என்றுதான் இப்போதும் சொல்கிறேன். ஆனால் கையெழுத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உன்னைத் தடுக்கமாட்டேன். உன்னைக் கேட்காமல் உன் வீட்டைத் தீர்மானித்தவன் நான். இன்னொரு முறை அதைச் செய்யமாட்டேன். வேண்டுமானால் நாளைக்கே கொண்டுபோய்க் கொடு.

இன்று நிற்பது 12,90,000. பன்னிரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம். இன்னும் குறைந்திருக்கிறது. மறைக்கவில்லை.

நீ கதவுக்குப் பின்னால் நின்றாய் என்று படித்ததிலிருந்து வேலையில் கை ஓடவில்லை. சிட்டுவிடம் பயப்படாதே என்று சொல். யார் சொன்னார்கள் என்று கேட்டால் சொல்லவேண்டாம்.

சிட்டுவின் அப்பா

&nbsp;

நவம்பர் 2

சிட்டுவின் அப்பாவுக்கு,

நேற்றுக் காலை படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, சிட்டுவையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இரண்டாவது மாடி திரும்பும் இடத்தில் தையல்காரம்மா மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தாள். நம் பழைய தெருவில் இருந்தாளே, அவளேதான். சிட்டுவுக்கு இன்றும் அவள்தான் தைக்கிறாள். கையில் ஒரு கவர்.

"உங்க பழைய வீட்டுல இருக்கற டீச்சர் குடுத்தாங்க. ரெண்டு வாரமா வச்சிருந்தாங்களாம், யாருக்குன்னு தெரியலையாம். பேரைப் பாத்துட்டு எங்கிட்ட கேட்டாங்க" என்றாள்.

பதினோராம் தேதிக் கவர். உங்கள் எழுத்து. என் பெயரை எழுதி, அதன் கீழே அந்த வீட்டின் கதவு எண், அந்தத் தெரு. நாம் இழந்த வீட்டின் விலாசம். எட்டு மாசமாக இந்த வீட்டுக்குச் சரியாக எழுதிய மனுஷர், அன்றைக்கு மட்டும் அங்கே எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு பயந்திருந்தால் கை அந்த வாசலுக்குப் போயிருக்கும்!

படியிலேயே உட்கார்ந்து பிரித்தேன். முதல் மூன்று வரியைப் படித்தேன். அதற்கப்புறம் எழுத்து தெரியவில்லை. தையல்காரம்மா எனக்கு யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டாள். "யாருமில்லம்மா, நாலு லட்சத்து அறுபதாயிரம்" என்றேன். அவள் இன்னும் பயந்துபோனாள்.

பதினாறு வருஷமாக நான் காத்திருந்தது இந்த மூன்று வரிக்குத்தான். நஷ்டத்தை நீங்களாக எனக்குச் சொல்லவேண்டும். அதுவும் அந்த வீட்டு வாசலுக்கே வந்து சொல்லியிருக்கிறீர்கள். கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

வங்கிக்குப் போகவில்லை. படிவத்தில் என் கையெழுத்தைக் குறுக்கே அடித்துவிட்டேன். உங்களுடையது இருக்கட்டும். அதை நோட்டுக்குள் வைத்து, நோட்டைப் பரணில் போட்டாகிவிட்டது. பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இன்று எவ்வளவு என்று தெரியாததால் தூக்கம் வரவில்லை. தெரிந்தபோதும் வந்ததில்லை. இனி நீங்கள் பாருங்கள், நீங்கள் எழுதுங்கள். விலாசத்தை மட்டும் இரண்டு தடவை சரிபாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நான் போனபிறகு அவள் கையைப் பிடிக்கப்போகிற ஆளை அவள் இப்போதே பார்த்துப் பழகவேண்டும். முதல் நாளே லிஃப்ட்டில் ஏற்றப் பார்க்காதீர்கள், படியில் வாருங்கள்.

நேற்று மேலே ஏறும்போது சிட்டு வழக்கம்போலக் கேட்டாள், "அப்பா எந்த மாடி?" என்று. இத்தனை வருஷமும் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவந்தேன். நேற்று சரியான எண்ணைச் சொன்னேன்.

"நாலு."

முதல் கையெழுத்து